அடுத்தவர் பார்சல் அமானிதமா? சுங்கச் சோதனைக்கு முன் வீட்டில் நடக்க வேண்டிய சோதனை

உம்ராவுக்கோ வளைகுடா வேலைக்கோ ஒருவர் புறப்படும் வீட்டில் கடைசி இரவு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்ப்பார்கள். ஊறுகாய் பாட்டிலை மூன்றாவது முறையாகப் பாலித்தீன் பையில் சுற்றுவார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "பாய், ஜித்தாவுல என் மச்சான் இருக்கார். ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவார். ஒரு கிலோகூட இருக்காது. கொஞ்சம் மசாலாவும் மாத்திரையும்தான்."

மறுத்தால் மனம் நோகுமே என்று நாமும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். பிரித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அடுத்தவர் பொருளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அமானிதம், அதில் நன்மை உண்டு என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம்.

இந்த நல்ல எண்ணத்தைத்தான் போதைப்பொருள் கடத்துபவர்கள் முதலீடாக வைத்துத் தொழில் செய்கிறார்கள். சுங்கத்துறை இருக்கிறதே, அவர்கள் பிடிக்கமாட்டார்களா என்று கேட்கலாம். பிடிக்கிறார்கள். ஆனால் யாரைப் பிடிக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள், பிடிபட்டவருக்குச் சட்டம் என்ன செய்கிறது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

உத்திரமேரூருக்கு எல்லை எங்கே இருக்கிறது?

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது மாமல்லபுரம் உள்ளிட்ட கடற்கரைப் பகுதி முழுவதும் அதனோடு போய்விட்டது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஏரியும் நெல் வயலுமாக இருக்கும் உத்திரமேரூர் வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, எல்லைக் கடத்தல் என்பது ராமநாதபுரத்துக்காரர்களும் நாகப்பட்டினத்துக்காரர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நாம் நினைப்பது இயல்பு.

ஆனால் சுங்கத்துறையைப் பொறுத்தவரை எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடு மட்டுமல்ல. மீனம்பாக்கம் பன்னாட்டு முனையத்தின் வருகைக் கூடமும் எல்லைதான். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும், கண்டெய்னரைத் திறந்து சரக்கு இறக்கும் கிடங்குகளும், வெளிநாட்டுத் தபால் பார்சல்களைப் பிரிக்கும் அஞ்சலகமும் எல்லைகளே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் ஒவ்வொரு கண்டெய்னர் லாரியும் ஏதோ ஒரு சுங்க எல்லையைத் தொட்டுத்தான் வருகிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் அமைந்துவிட்டால், கடற்கரை இல்லாத நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நாட்டு எல்லை வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னும் நெருங்கிச் சொன்னால், பாஸ்போர்ட் உள்ள பிள்ளை இருக்கும் வீடு எல்லையோரத்து வீடுதான். கடத்துபவருக்குத் தேவைப்படுவது கடற்கரை அல்ல. சந்தேகம் வராத ஒரு பெயரும் ஒரு பையும்தான்.

வேலை பெரிது, ஆள் குறைவு

சுங்கத்துறை மத்திய நிதி அமைச்சகத்தின் கீழ், மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தால் நடத்தப்படுகிறது. விமான நிலையத்தில் நம் பெட்டியைத் திறக்கச் சொல்பவர், துறைமுகத்தில் சரக்கைப் பரிசோதிப்பவர், கடலோரத்தில் ரோந்து போகும் தடுப்புப் பிரிவு அதிகாரி, இவர்களுக்கு உதவியாக நிற்கும் ஹவில்தார் எல்லோரும் இந்த ஒரே வாரியத்தின் ஊழியர்கள். பெரிய கடத்தல் கும்பல்களை விசாரிக்க 1957-இல் தொடங்கப்பட்ட வருவாய்ப் புலனாய்வு இயக்ககமும் இதே வாரியத்தின் கீழ்தான் வருகிறது. போதைப்பொருளுக்கென்றே 1986-இல் உருவான போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் மட்டும் உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்தது.

இந்த வாரியத்தில் ஆயிரக்கணக்கான பணியிடங்கள் காலியாகக் கிடப்பது நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பப் பேசப்படும் விஷயம். இருக்கும் அதிகாரிகளும் ஜிஎஸ்டி பணி, ஏற்றுமதி ஆவணங்கள், நீதிமன்ற வழக்குகள் என்று பிரிந்து நிற்கிறார்கள். நள்ளிரவில் அடுத்தடுத்து மூன்று விமானங்கள் இறங்கினால், நூற்றுக்கணக்கான பயணிகளைச் சில அதிகாரிகள்தான் பார்க்க வேண்டும். எல்லாப் பெட்டியையும் திறக்க முடியாது. திறந்தால் விடியும்வரை வரிசை நகராது.

துறைமுகத்திலும் இதே கதைதான். வந்து இறங்கும் கண்டெய்னர்களில் பெரும்பாலானவை திறக்கப்படாமலேயே வெளியே போகின்றன. எதைத் திறப்பது, எதை விடுவது என்பதை 2005 முதல் ஒரு கணினி முறை தீர்மானிக்கிறது. இறக்குமதி செய்பவர் யார், எந்த நாட்டிலிருந்து வருகிறது, இதற்கு முன் என்ன கொண்டுவந்தார் என்று கணக்குப் போட்டு, சந்தேகத்துக்குரியதை மட்டும் அது எடுத்துக் கொடுக்கும். பயணிகளுக்கும் இப்படி ஒரு முறை வந்துவிட்டது. விமான நிறுவனங்கள் பயணிகளின் பயணப் பதிவு விவரங்களைச் சுங்கத்துறைக்கு முன்கூட்டியே தர வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வகுக்கப்பட்டது. யார் டிக்கெட் எடுத்தது, எத்தனை நாளில் திரும்புகிறார், எத்தனை முறை போய்வந்தார் என்பதெல்லாம் விமானம் தரையிறங்கும் முன்பே அதிகாரியின் திரையில் தெரிய வாய்ப்பு உண்டு.

ஆள் குறைவாக இருக்கும் துறை, எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் சோதிப்பதை விட்டுவிட்டு, தகவல் கிடைத்த ஒருவரை முழுதாகச் சோதிக்கும் வழிக்குப் போகிறது. இதனால் கடத்தலை ஏவியவர் துபாயிலோ கொழும்பிலோ பாங்காக்கிலோ பத்திரமாக இருப்பார். சுமந்து வந்தவர் சிக்குவார்.

பெரிய பிடிப்புகள் சொல்லும் பாடம்

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கண்டெய்னர்களிலிருந்து 2,988 கிலோ ஹெராயின் பிடிபட்டது. அதன் மதிப்பு சுமார் 21,000 கோடி ரூபாய் என்றார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, டால்க் கல் என்ற பெயரில் வந்த சரக்கு அது. இறக்குமதி செய்த நிறுவனம் விஜயவாடா முகவரியில் பதிவானது. அதை நடத்திய தம்பதி கைதானது குஜராத்தில் அல்ல, நம் சென்னையில். கமிஷனுக்காக இறக்குமதி உரிமத்தைப் பிறருக்குப் பயன்படுத்தக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. உன் பெயரில் ஒரு லைசென்ஸ் எடுத்துக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று யாராவது நம் பிள்ளையிடம் கேட்டால், அதன் மறுமுனையில் என்ன இருக்கலாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அதே ஆண்டு ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில், மரக்கட்டைகள் ஏற்றி வந்த கண்டெய்னரில் 300 கிலோவுக்கும் மேல் கொக்கைன் சிக்கியது. 2022 மே மாதம் லட்சத்தீவுக் கடலில் தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு மீன்பிடிப் படகுகளில் 218 கிலோ ஹெராயினைக் கடலோரக் காவல்படையும் வருவாய்ப் புலனாய்வு இயக்ககமும் சேர்ந்து பிடித்தன. 2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎபிட்ரின் பிடிபட்டபோது கைதான மூவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். மெத்தாம்பெட்டமின் என்ற போதையைச் சமைக்கத் தேவைப்படும் மூலப்பொருள் அது. சத்துமாவு, தேங்காய்த் துருவல் பொட்டலங்களில் கலந்து நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டதாக விசாரணை அமைப்பு கூறியது. அந்தத் துப்புக்கூட அந்த நாடுகளின் அதிகாரிகளிடமிருந்துதான் வந்தது.

நம் கடலோரத்திலும் தினமும் இந்தப் போராட்டம் நடக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். ஆந்திர, ஒடிசா மலைப்பகுதியில் விளையும் கஞ்சா ரயிலிலும் லாரியிலும் தமிழ்நாட்டைக் கடந்து வேதாரண்யம், ராமேசுவரம் பக்கம் போய்ப் படகேறுகிறது. இலங்கையில் அதைக் 'கேரள கஞ்சா' என்று சொல்வார்கள். இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது அதே கடல் வழியில் மஞ்சள் மூட்டையும் போனது. பீடி இலையும் போகிறது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சுங்கத் தடுப்பு ஆணையரகம், தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மண்டபத்திலுள்ள கடலோரக் காவல்படை என்று பல துறைகள் இந்தக் கடலைப் பார்த்துக்கொள்கின்றன. இருந்தாலும் இரவில் ஓர் ஓரத்தில் படகு ஒதுங்கியதை முதலில் அறிவது அங்குள்ள மீனவ மக்கள்தான். அவர்கள் சொல்லும் தகவலே பல பிடிப்புகளுக்கு ஆரம்பம்.

எண்ணிக்கை மட்டும் கூடினால் போதுமா என்ற கேள்வியும் உண்டு. 2018 ஆகஸ்டில் திருச்சி விமான நிலையத்தில் சிபிஐ சோதனை நடத்தி, கடத்தலுக்குத் துணைபோனதாகச் சுங்க அதிகாரிகள் சிலரையும் பயணிகளையும் ஒன்றாகக் கைது செய்தது. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டு. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்று அது விதித்தது. ஆளை நியமிப்பதோடு வேலை முடியவில்லை, நம்பத்தகுந்த ஆளாக இருக்க வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது.

குருவி சுமப்பது மாறிவிட்டது

நம் சமுதாயத்தில் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றை இங்கே பேசியாக வேண்டும். குருவி வேலை. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்த் துணி, மசாலா கொடுத்துவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் பொருளும் தங்கமும் கொண்டுவருவதை ஒரு தவறாகவே பலரும் நினைத்ததில்லை. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அது தவறுதான். என்றாலும், பிடிபட்டால் பொருள் போகும், அபராதம் விழும், பெரும்பாலும் ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

2024 ஜூலையில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தங்கம் கடத்துவதில் கிடைத்த லாபம் அந்த அளவுக்குச் சுருங்கியது. இன்னொரு பக்கம், தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததும், மண்ணில்லாமல் வளர்க்கப்படும் உயர்ரகக் கஞ்சா பாங்காக்கிலிருந்து வரத் தொடங்கியது. சாக்லேட் பாக்கெட்டிலும் பிஸ்கட் டப்பாவிலும் அடைத்து வந்த அந்தக் கஞ்சாவைச் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் அடிக்கடி பிடிக்கிறார்கள்.

டிக்கெட், ஓட்டல் எல்லாம் இலவசம், நாலு நாள் சுற்றிவிட்டு வரும்போது ஒரு பை மட்டும் கொண்டுவா என்று சொன்னால், இருபது வயதுப் பிள்ளைக்கு அது ஒரு சுற்றுலாவாகத் தெரிகிறது. ஒரு நாள் அந்தப் பையில் இருப்பது தங்கமா கஞ்சாவா என்பதைக் கொடுப்பவர்தான் தீர்மானிப்பார், சுமப்பவர் அல்ல. தங்கத்துக்குச் சுங்கச் சட்டம். கஞ்சாவுக்கு வேறு சட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு பிள்ளையின் வாழ்க்கையே இருக்கிறது.

பை யார் கையில் இருக்கிறதோ அவரே பதில் சொல்ல வேண்டும்

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985-இல் வந்தது. சாதாரணக் குற்ற வழக்கில், குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. இந்தச் சட்டத்தில் ஒருவர் வசம் பொருள் இருந்தது என்று காட்டிவிட்டால், அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 35, 54 ஆகிய பிரிவுகள் இதைச் சொல்கின்றன. "எனக்குத் தெரியாது, இன்னார் கொடுத்தார்" என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது சுமந்தவர். கொடுத்தவரின் உண்மையான பெயர்கூடத் தெரியாதவர் இதை எப்படி நிரூபிப்பார்?

தண்டனை பொருளின் எடையைப் பொறுத்தது. சட்டம் ஒவ்வொரு பொருளுக்கும் சிறிய அளவு, வணிக அளவு என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கிறது. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. கொக்கைனுக்கு 2 கிராம், 100 கிராம். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராம், 50 கிராம். வணிக அளவைத் தொட்டால் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள், 20 ஆண்டுகள்வரை போகலாம். அபராதம் 1 லட்சத்துக்குக் குறையாது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுக்கே 10 ஆண்டுகள்வரை சிறை உண்டு. 50 கிராம் என்பது சமையலறையில் ஒரு கைப்பிடி சீரகம் அளவுதான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஜாமீனும் எளிதல்ல. வணிக அளவு வழக்கில், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணம் இருக்கிறது என நீதிபதிக்கே திருப்தி ஏற்பட்டால்தான் 37-ஆம் பிரிவின்படி ஜாமீன். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் அவகாசம் உண்டு, அதை ஓராண்டுவரை நீட்டிக்கவும் முடியும். தெரிந்தே வீட்டையோ வண்டியையோ இதற்குப் பயன்படுத்த விட்டவரும் குற்றவாளி. இந்தத் தொழிலில் வந்த பணத்தில் வாங்கிய சொத்து, உறவினர் பெயரில் இருந்தாலும் முடக்கப்படலாம்.

அப்பாவியாகச் சிக்கியவருக்குச் சட்டத்தில் சில பாதுகாப்புகளும் இருக்கின்றன. உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்ட்ரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அதிகாரி சொல்லியாக வேண்டும். இது உடல் சோதனைக்குத்தான், கையிலுள்ள பைக்குப் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தூபான் சிங் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். எனவே உறவினர் ஒருவர் பிடிபட்டால், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாமல் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

கடல் கடந்து சிக்கினால்

இங்கேயே இப்படியென்றால், வெளிநாட்டு விமான நிலையத்தில் சிக்கினால் நிலைமை இன்னும் கடுமை. 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த ஓர் இளம் முஸ்லிம் தம்பதி கத்தாருக்குப் போனார்கள். பயணத்தைத் திருமணப் பரிசாக ஏற்பாடு செய்தவர் கணவரின் சொந்த அத்தை. அவர் கொடுத்தனுப்பிய பொதியில் 4 கிலோவுக்கும் மேல் ஹஷீஷ் இருந்தது. தோஹா விமான நிலையத்திலேயே கைது. இருவருக்கும் 10 ஆண்டு சிறை. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையில்தான் பிறந்தது. ஊரில் இருந்த தந்தை ஓடியாடி முறையிட்டதால் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் விசாரித்து, இவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று கண்டறிந்தது. மறுவிசாரணை நடந்து, 2021 ஏப்ரலில்தான் வீடு திரும்பினார்கள். கொடுத்தவர் முன்பின் தெரியாதவர் அல்ல, சொந்த ரத்தம் என்பதை மறக்கக் கூடாது.

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் மரண தண்டனை. 42.72 கிராம் ஹெராயின் கொண்டுவந்த மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம், அறிவுத்திறன் குறைந்தவர் என்று உலகமெங்கும் குரல் எழுந்தும், 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். சவூதியிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. சிறிது காலம் நிறுத்தி வைத்திருந்ததை 2022 நவம்பரில் மீண்டும் நிறைவேற்றத் தொடங்கினார்கள்.

இதில் அறியாமையால் மாட்டுபவர்களும் உண்டு. நம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா சவூதியிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். ஓப்பியம் செடியின் விதை அது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் அங்கே கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. டிராமடால் 2018 முதல் இந்தியாவிலும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சொந்த நோய்க்கான மருந்தாக இருந்தாலும் மருத்துவர் சீட்டும், அந்த நாடு கேட்கும் முன்அனுமதியும் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. அடுத்தவர் மருந்தைத் தொடவே கூடாது.

அமானிதம் என்பது கண்ணை மூடிக்கொள்வதல்ல

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் சூரத்துன் நிஸாவின் 58-ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். போதை தருபவற்றை விட்டு விலகும்படி சூரத்துல் மாயிதாவின் 90-ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். மது விஷயத்தில் சாபத்துக்குரியவர்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, குடிப்பவரோடு நிறுத்தவில்லை. அதைச் சுமந்து செல்பவரையும், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவரையும் சேர்த்தே சொன்னார்கள் என்று அபூதாவூத், திர்மிதி நூல்களில் பதிவாகியிருக்கிறது. என்ன பொருள் என்று தெரியாமல் பொறுப்பேற்பது அமானிதம் ஆகாது. திறந்து பார்த்து, தெரிந்துகொண்டு, ஹலாலானது என்று உறுதியானபின் ஏற்பதே அமானிதம்.

எனவே பயணம் போகும் வீடுகளில் சில பழக்கங்களை உறுதியாக வைத்துக்கொள்வோம்.

பெட்டியைப் போகிறவரே அடுக்க வேண்டும். யார் எதைக் கொடுத்தாலும், கொடுத்தவர் முன்னிலையிலேயே முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்கச் சம்மதிக்காதவரின் பொருளை வாங்கக் கூடாது. தைத்து மூடிய துணி, அடிப்பக்கம் கனமான பை, புதிய செருப்பு, மாவு, மசாலா, மூடி ஒட்டிய டப்பா எதற்கும் விதிவிலக்கு கிடையாது. உம்ரா குழுவை அழைத்துச் செல்பவர்கள், புறப்படும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். வயதான பெண்களிடம்தான் பார்சல் அதிகம் வந்து சேர்கிறது. "எங்க வீட்டுல பிரிச்சுப் பார்த்துத்தான் வாங்குவோம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று சொல்ல அவர்களுக்கு வீட்டார் துணை நிற்க வேண்டும்.

இலவச டிக்கெட் என்று வரும் பயணம், வேலைக்குச் சேரும் முன்பே கையில் பணம் தரும் ஏஜென்ட், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கோ சிம் கார்டோ இறக்குமதி உரிமமோ கேட்பவர் இவர்கள் யாரையும் பெற்றோர் நேரில் பார்த்து விசாரிக்காமல் விடக் கூடாது. காரணம் தெரியாமல் பிள்ளையின் கையில் புதிய பணம் புழங்கினால், கேட்கத் தயங்கக் கூடாது.

பழக்கத்துக்கு அடிமையாகிவிட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் அதை மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. கடன்பட்ட அடிமையைத்தான் கும்பல்கள் அடுத்துச் சுமப்பவராக மாற்றுகின்றன. தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெறுபவர் மீது, பயன்படுத்தியதற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கு நடத்துவதிலிருந்து 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணை இலவசமாக அழைக்கலாம். கடத்தல், விற்பனை பற்றித் தகவல் சொல்ல 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட 1933 என்ற எண் இருக்கிறது. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பது சட்டத்திலேயே உள்ளது. மஹல்லாவில் ஜமாஅத் நிர்வாகிகள் இந்த இரண்டு எண்களையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் நல்லது.

காலி இடத்தில் நம் பிள்ளைகள்

சுங்கத்தில் ஆள் இல்லை என்று குறை சொல்லும் நாம், அந்த இடங்களுக்கு நம் பிள்ளைகளை அனுப்புவதைப் பற்றி எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? சீருடை அணிந்தவரை எதிர்த் தரப்பாகப் பார்த்தே பழகிவிட்டோம். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் எம்டிஎஸ் மற்றும் ஹவில்தார் தேர்வு எழுதலாம். இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதும் வாய்ப்பு 2023 முதல் கிடைத்திருக்கிறது. ஹவில்தார் பணிக்கு ஆண்கள் 15 நிமிடத்தில் 1,600 மீட்டரும், பெண்கள் 20 நிமிடத்தில் 1 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். பட்டதாரிகள் சிஜிஎல் தேர்வு எழுதி, தடுப்புப் பிரிவு ஆய்வாளராகவோ பரிசோதகராகவோ ஆகலாம். குடிமைப் பணித் தேர்வில் வென்றவர் இந்திய வருவாய்ப் பணியில் நேரடியாக உயரதிகாரியாகச் சேரலாம்.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் 3.5 சதவீத பிசி முஸ்லிம் இட ஒதுக்கீடு மாநில அரசு வேலைக்கு மட்டும்தான். மத்திய அரசுத் தேர்வுக்கு, மத்திய ஓபிசி பட்டியலின்படி, மத்திய அரசின் படிவத்தில் கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் வாங்க வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போதே எந்தச் சான்றிதழ் என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு ஆள் சேர்த்தாலும் எல்லாப் பெட்டியையும் சுங்கத்துறை திறக்கப் போவதில்லை. நம் வீட்டுப் பெட்டியை நாம் திறந்து பார்க்கலாம். வாசலில் நின்று பார்சல் நீட்டும் மனிதர் மனம் கோணினால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். வெளிநாட்டுச் சிறையில் போகும் பத்து ஆண்டுகள் திரும்பி வராது. நம் பிள்ளைகளையும் நம் அமானிதங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.